ஒரு பென்சில் கோடும் ஒன்பது பீஸ் துணியும்

என் மகள் ரஹீமாவுக்குப் போன மாதம் வேலை உத்தரவு வந்தது. வெளிநாட்டு நிதியில் நடக்கிற ஒரு தொண்டு நிறுவனம், மதுரையில் அலுவலகம். கிராமம் கிராமமாகப் போய், யாருக்கு உதவி தரலாம், யாருக்கு வேண்டியதில்லை என்று பார்த்துப் படிவம் நிரப்பிக் கையெழுத்துப் போட வேண்டும். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்குத்தான் அன்றிலிருந்து சோறு சரியாக இறங்கவில்லை.

"பொம்பளப் புள்ளை ஊர் ஊராப் போறாளேன்னு பயமா அத்தா?" என்று கேட்டாள்.

இல்லை என்றேன்.

"அப்ப எதுக்கு மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீக? இருபது வருஷத்துக்கு மேல ஃபாரம் நிரப்புனவுக நீங்க. எப்படின்னு சொல்லிக் குடுத்தாப் போதும்."

சொல்லிக் கொடுக்க உட்கார்ந்தபோதுதான் எனக்கே அது தெரியாது என்று புரிந்தது. விருப்ப ஓய்வு வாங்கி வீட்டுக்கு வந்து இரண்டு வருஷம் ஆகிறது. ஐம்பது வயதில் ஏன் வந்துவிட்டீர்கள் என்று கேட்பவர்களிடம் முதுகுவலி என்று சொல்லி வருகிறேன். முதுகுவலியும் உண்டு. ஆனால் நான் எழுத வேண்டியது ஒரு நாளைப் பற்றி. அதை வாயால் சொல்ல வரவில்லை. எழுதினால் தெளியுமோ என்று பார்க்கிறேன்.

அறுபதுகளின் கடைசியில் காரைக்குடியில் பட்டப்படிப்பை முடித்தேன். இரண்டு வருஷம் சும்மா இருந்துவிட்டு, துணிப் பரிசோதனை அலுவலகத்தில் தற்காலிக ஊழியனாகச் சேர்ந்தேன். சென்னையில் ஆறு மாதப் பயிற்சி. இழை எண்ணும் கண்ணாடியைத் துணிமேல் வைத்து, ஓர் அங்குலத்தில் நெடுக்கே ஓடும் பாவு எத்தனை, குறுக்கே ஓடும் ஊடை எத்தனை என்று எண்ணச் சொல்லிக் கொடுத்தார்கள். பிறகு சொந்த ஊரிலேயே கிளை அலுவலகத்தில் போட்டார்கள். பெரிய செட்டியார் வீடு ஒன்றின் முன்பகுதியை அலுவலகத்துக்காக வாடகைக்கு எடுத்திருந்தார்கள். பர்மாத் தேக்குத் தூண்களுக்கு நடுவே எங்கள் இரும்பு பீரோ நின்றது.

எங்கள் வேலை என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பணக்கார நாடுகள் சில, ஏழை நாடுகளுக்குப் பணமாகக் கொடுப்பதைவிட வியாபாரமாகக் கொடுப்பது மேல் என்று ஒரு சலுகை வைத்திருந்தன. நம் ஊர்க் கைத்தறித் துணி அங்கே போனால் சுங்க வரி கிடையாது. மில் துணிக்கும் விசைத்தறித் துணிக்கும் அந்தச் சலுகை இல்லை, ஏனென்றால் அவர்கள் ஊர் மில்லும் பிழைக்க வேண்டும். அதனால் ஒவ்வொரு சரக்கோடும் ஒரு சான்றிதழ் போக வேண்டும்: இது கையாலும் காலாலும் மட்டுமே இயங்கும் தறியில் நெய்த துணி. அதில் கையெழுத்துப் போடும் அலுவலகம் எங்களுடையது.

கையெழுத்துப் போடுபவர் சாத்தப்பன் சார். கீழச்சிவல்பட்டிக்காரர். ஒல்லியாக, முழுக்கைச் சட்டையில் மணிக்கட்டுப் பொத்தான் வரை போட்டுக்கொண்டு வருவார். எந்த நெசவாளர் சங்கத்துக்குப் போனாலும் உட்கார மாட்டார், காபி குடிக்க மாட்டார். தண்ணீர்கூடத் தன் கூஜாவிலிருந்துதான். எனக்கும் மரியாதை வைத்தே பேசுவார். அவர் மரியாதை கூடக்கூட நாங்கள் எங்கள் கணக்கை மறுபடி சரிபார்ப்போம். "தம்பி எண்ணுனது சரியாத்தான் இருக்கும். எதுக்கும் இன்னொருக்க எண்ணீருங்களேன்" என்றால் நிச்சயம் தப்பு இருக்கிறது என்று அர்த்தம்.

துணியைத் தொடும்போது மட்டும் மணிக்கட்டுப் பொத்தான்களைக் கழற்றிக் கையை இரண்டு மடிப்பு மடிப்பார். கண்ணை மூடிக்கொள்வார். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் துணியின் ஓரத்தில் ஒரு முழம் ஓடும். கண்ணாடி வைத்து நான் அரை மணி நேரம் எண்ணிச் சொல்வதை அவர் விரல் சொல்லிவிடும். கைத்தறித் துணியில் ஊடை ஓரிடத்தில் நெருங்கும், ஓரிடத்தில் விலகும். நெய்கிறவன் இருமினால் துணியும் இருமும் என்பார். விசைத்தறித் துணி இருமாது.

கடைசியில் சான்றிதழை முழுதாக, சத்தமாக, ஆங்கிலத்தில் வாசிப்பார். புரியாதவர்களும் எழுந்து நின்று கேட்பார்கள். வாசித்து முடித்துப் பேனாவைத் திறக்கும் முன் என்னிடம் இரண்டு கேள்வி. "கண்ணால பார்த்தீகளா? கையால தொட்டீகளா?" இரண்டுக்கும் ஆம் சொன்னால்தான் கையெழுத்து.

காளையார்கோவில் போகும் வழியில் ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கம். ஒரே கொட்டகையில் பதினான்கு தறி. செயலாளர் பெயர் வேலாயுதம். கட்டம் போட்ட சட்டைத் துணிக்கு ஐரோப்பாவிலிருந்து அவர்களுக்கு முதன்முதலாக ஓர் ஆர்டர் வந்திருந்தது. அது போய்ச் சேர்ந்தால் அடுத்த ஆர்டர் உண்டு, இல்லையென்றால் கொட்டகையை மூட வேண்டியதுதான் என்று வேலாயுதம் என்னிடம் நேராகவே சொன்னார்.

நெய்துகொண்டிருக்கும்போது ஒரு தடவை போய்ப் பார்க்க வேண்டும் என்பது விதி. நான் தனியாகப் போனேன். கொட்டகை மூலையில் ஐந்தாறு பெட்டிகள், மேலே ஒரு வெளிநாட்டுக் கொடி. பிரித்துப் பார்த்தால் சின்ன மின் மோட்டார்கள். தார் சுற்றும், அதாவது ஊடை நூலைக் குச்சியில் சுற்றும், ராட்டையில் மாட்டிக்கொள்வதற்காக ஒரு தர்ம ஸ்தாபனம் அனுப்பியது என்றார்கள். எந்த நாடு என்று பார்த்தேன். துணி எந்த நாட்டுக்குப் போகிறதோ அதே நாடு.

எனக்குக் குழப்பமாகிவிட்டது. திரும்பி வந்து சாத்தப்பன் சாரிடம் கேட்டேன். அவர் படிவத்தை எடுத்து இரண்டு தடவை வாசித்தார். "தறியைப் பத்தித்தான் சொல்லியிருக்கு. ராட்டையைப் பத்திப் பேச்சே இல்லை. தறிக்கு மோட்டார் போனா மட்டும் சொல்லுங்க" என்றார்.

அந்த முதல் வருகையில் நான் எண்ணியது ராசாத்தி என்ற பெண்ணின் தறியில். ஜன்னலை ஒட்டி இருந்தது, வெளிச்சம் நன்றாக விழுந்தது, வேறு காரணம் இல்லை. முப்பது வயது இருக்கும். நான் எண்ணும்வரை கையை நிறுத்திக் காத்திருந்தாள். நாலு இடத்தில் எண்ணினேன். நாலிலும் ஒரே எண்ணிக்கை வந்தது. என் கண்தான் ஏமாற்றுகிறது என்று ஐந்தாவது இடத்திலும் வைத்தேன்.

"எத்தனை தடவை எண்ணுனாலும் அம்புட்டுத்தான் சார் இருக்கும். குட்டி போடாது" என்றாள். பக்கத்துத் தறிகளில் சிரித்தார்கள்.

எண்ணிய இடத்தில், துணியின் ஓரத்தில், பென்சிலால் ஒரு சின்னக் கோடு போடுவது என் வழக்கம். விதியில் இல்லை. நானாக ஏற்படுத்திக்கொண்டது. போட்டுவிட்டு வந்தேன்.

இரண்டு வாரம் கழித்து வேறு ஊருக்குப் போகும் வழியில், சொல்லாமல் கொள்ளாமல் அந்தக் கொட்டகைக்குள் நுழைந்தேன். கருப்பையா என்பவரின் தறியில், சைக்கிள் சக்கரம் ஒன்றைப் பொருத்திப் பட்டை மாட்டி, ஊடையை அடித்து நெருக்கும் அச்சுப் பலகையை மோட்டார் ஆட்டிக்கொண்டிருந்தது. கருப்பையா காலால் மிதித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வலது கை மடியில் கிடந்தது. கண்மாய்க் கரையில் விழுந்து தோள்பட்டை விலகியதிலிருந்து கையைத் தூக்க முடியவில்லையாம். சும்மா கிடக்கும் மோட்டாரை எடுத்து அவரே யோசித்துச் செய்திருக்கிறார். பெருமையோடு எனக்கு விளக்கினார்.

"கை போன இடத்துக்குக் கை குடுத்துருக்கு சார், அந்த நாடு" என்றார்.

சான்றிதழைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. நானும் அன்று சொல்லவில்லை. அலுவலகத்துக்கு வந்து சாத்தப்பன் சாரிடம் மட்டும் சொன்னேன். அதைச் சொன்னது சரிதானா என்பதிலேயே எனக்கு இன்றுவரை சந்தேகம். சொல்லாமல் இருந்திருந்தால் பின்னால் நடந்தது எதுவும் நடந்திருக்காது.

ஆர்டர் முடிந்து துணியெல்லாம் சங்கத்து மேசைக்கு வந்த நாள் அவரும் நானும் போனோம். நூற்றிருபத்தாறு பீஸ், தறிக்கு ஒன்பது. சாதாரணமாக ஒவ்வொரு நெசவாளியும் தன் பீஸின் கடைசியில் தனக்கென்று ஒரு நிற நூலால் முடிச்சுப் போடுவது அந்தக் கொட்டகை வழக்கம். பச்சை இன்னாருடையது, சிவப்பு இன்னாருடையது என்று பார்த்ததும் தெரிந்துவிடும். இந்தத் தடவை மட்டும் முடிச்சுகளை வெட்டி எறிந்திருந்தார்கள். வாங்குகிறவர் கடிதத்தில், மாதிரித் துணியில் வேண்டாத நூல் முடிச்சு இருந்தது, அது குறை, என்று எழுதியிருந்தாராம். எது யார் நெய்தது என்று இப்போது பார்த்துச் சொல்ல முடியாது.

சாத்தப்பன் சார் வேலாயுதத்திடம் ரொம்ப மரியாதையாகப் பேசினார். "மோட்டார் ஓடுன ஒன்பதையும் நான் பிரிச்சு எடுத்துட்டா மிச்சத்துக்குக் கையெழுத்துப் போடுறேன். பிரிக்க முடியலேன்னா மொத்தத்துக்கும் போட மாட்டேன். கோவிச்சுக்காதீக."

கையை மடித்தார். கண்ணை மூடினார். நான் ஒவ்வொரு பீஸாக எடுத்து ஓரத்தை அவர் விரலுக்குக் கொடுத்தேன். மதியம் ஆகிவிட்டது. வேலாயுதமும் கருப்பையாவும் சுவரோரம் நின்றார்கள். உள்ளே தறிகள் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. சார் சிலவற்றைத் தொட்டதும் தள்ளிவிடுவார். சிலவற்றில் விரல் நிற்கும். அப்படி நின்றவற்றை இடது பக்கம் வைக்கச் சொன்னார். கடைசி பீஸ் முடிந்ததும் இடது பக்கத்தை எண்ணினோம். சரியாக ஒன்பது.

"ஒரே ஓட்டம்" என்றார் கண்ணைத் திறந்து. "ஒன்பதும் ஒரே தறி. கை இப்படி ஓடாது."

நான் அவற்றை மடித்து அடுக்கினேன். நாலாவது பீஸின் ஓரத்தில் என் பென்சில் கோடு இருந்தது.

அது என் கோடுதான். முதல் வருகையில் நான் எண்ணியது ஒரே ஒரு தறியில். சாருடைய விரல் தப்புச் செய்யவில்லை. ஒன்பதையும் ஒரே ஆள் நெய்தது என்று அது சரியாகத்தான் சொல்லியது. ஆள்தான் வேறு. கருப்பையாவின் மோட்டார் எங்கள் ஊர்க் கரண்ட் ஏறி இறங்குவதற்குத் தக்கபடி ஏறி இறங்கி, நன்றாக இருமியிருக்கிறது. அவர் துணி ஒன்பதும் கைத்தறி என்று வலது பக்கம் போய்விட்டது. ராசாத்தியின் கை இருமவில்லை.

கருப்பையாவைப் பார்த்தேன். அவர் வாயைத் திறந்தார், வேலாயுதத்தைப் பார்த்தார், மூடிக்கொண்டார். வேலாயுதம் அந்த ஒன்பதையும் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஐயா சொன்னாச் சரிதாங்க" என்றார்.

நான் கோட்டைக் காட்டியிருக்க வேண்டும். காட்டினால் என்ன ஆகும் என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். பிரிக்க முடியவில்லை என்று ஆகும். நூற்றிருபத்தாறும் போகாது. பதினான்கு குடும்பம். அந்தச் சமயம் ரஹீமா பிறந்து நாற்பது நாள் ஆகவில்லை, என் வேலையும் நிரந்தரமாகவில்லை. இதில் எதை நினைத்து வாயை மூடினேன் என்று இப்போது பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அதையும் விரலால் தொட்டுப் பிரிக்க ஓர் ஆள் வேண்டும்.

சார் சான்றிதழை வாசித்தார். பேனாவைத் திறக்கும் முன் கேட்டார்.

"கண்ணால பார்த்தீகளா?"

"பார்த்தேன் சார்."

"கையால தொட்டீகளா?"

"தொட்டேன் சார்."

இரண்டும் உண்மை. கையெழுத்துப் போட்டார்.

ஒதுக்கிய துணியில் உள்ளங்கை அளவு மாதிரி வெட்டி, அட்டை கோத்து, காரணம் எழுதிக் கோப்பில் வைக்க வேண்டும். கத்தரிக்கோலை நான்தான் பிடித்தேன். ஒன்பதில் எதை வேண்டுமானாலும் வெட்டியிருக்கலாம். நான் நாலாவது பீஸை எடுத்து, என் கோடு இருந்த ஓரத்தைச் சேர்த்து வெட்டினேன். அட்டையில் 'விசையால் இயக்கப்பட்ட தறி' என்று எழுதினேன். நல்ல கையெழுத்து எனக்கு.

சரக்கு போனது. அடுத்த ஆர்டரும் வந்தது. மோட்டார்கள் எல்லாம் பெட்டிக்குள் திரும்பிப் போயின, ராட்டையில் இருந்தவைகூட. எதற்கு வம்பு என்று வேலாயுதம் கழற்றிவிட்டார். கருப்பையாவுக்குச் சங்கத்திலேயே காவல் வேலை கிடைத்தது.

ஒரு மாதம் கழித்து ராசாத்தி எங்கள் அலுவலகத்துக்கு வந்தாள். தேக்குத் தூணை ஒட்டி நின்றாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. நாங்கள் ஒதுக்கிச் சங்கத்தில் விட்டுவந்த ஒன்பது பீஸையும் பார்த்ததும் தன்னுடையது என்று சொல்லியிருக்கிறாள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இரு என்றிருக்கிறார்கள். ஆனால் அவள் சொன்னது தெருவுக்குள் போய், அங்கே வேறு மாதிரி திரும்பியிருக்கிறது. உன் துணிதான் என்கிறாய், ஆபீசர் மோட்டார் என்று ஒதுக்கியிருக்கிறார், அப்படியென்றால் கள்ளத்தனமாக மோட்டார் வைத்தது நீதான். தண்ணீர்க் குழாயடியில் அவளை 'மோட்டாரு' என்றுதான் கூப்பிடுகிறார்களாம்.

"என் தறிகிட்ட நின்னு அஞ்சு தடவை எண்ணுனீகளே சார். அன்னைக்கு மோட்டாரு இருந்துச்சா?"

"இல்லம்மா."

"அதை ஒரு காயிதத்துல எழுதிக் குடுங்க. சங்கத்துச் செவுத்துல ஒட்டிக்கிறேன்."

எங்கள் படிவம் வெளிநாடு போகிற சரக்குக்கு மட்டும்தான், ஆளுக்குத் தருவதில்லை என்று விளக்கினேன்.

"அப்ப நான் கப்பல் ஏறுனாத்தான் எழுதுவீகளாக்கும்" என்றாள். சிரிக்கவில்லை. "சரி சார். நல்லா நெஞ்சது தப்பாப் போச்சு. இனிமே எங்குட்டுப் பிசகணும்னாவது சொல்லுங்க. அங்குட்டுப் பிசகிக்கிறேன்."

சாத்தப்பன் சார் உள்ளறையில்தான் இருந்தார். கேட்டிருப்பார். அவர் வெளியே வரவில்லை. அவள் போன பிறகு வந்து, கூஜாவிலிருந்து தண்ணீர் ஊற்றிக் குடித்தார். அதற்குப் பிறகு அவர் துணியைத் தொட்டுச் சொல்வதை விட்டுவிட்டார். கண்ணாடியை வாங்கிக்கொண்டு என்னைப்போல் எண்ண ஆரம்பித்தார். அவர் ஓய்வு பெறும்வரை அப்படித்தான்.

மறு வருஷம் மோட்டார் அனுப்பிய நாட்டிலிருந்து ஒருவர் வந்தார். நல்ல மனிதர். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார், கொடுத்த காபியைக் குடித்தார். மோட்டார் ஏன் பெட்டியில் இருக்கிறது என்று கேட்டார். கரண்ட் நிலையாக இருப்பதில்லை என்று வேலாயுதம் சொன்னார். நான்தான் மொழிபெயர்த்தேன். பிறகு என்னால் பொறுக்க முடியாமல் அவர் நாட்டுச் சான்றிதழ்ப் படிவத்தை எடுத்துக் காட்டினேன். முதல்முறையாகப் பார்க்கிறவர்போல் மெதுவாக வாசித்தார். இது எங்கள் வணிகத் துறையுடையது, நாங்கள் வேறு கட்டிடம் என்றார். முகம் சிவந்துவிட்டது. அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. நானும் அப்படி ஒரு கட்டிடத்தில் உட்கார்ந்திருப்பவன்தானே.

அவர்கள் எங்களுக்கு என்ன கொடுத்தார்கள் என்று பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். ஒரு கையால் மோட்டாரைக் கொடுத்தார்கள், இன்னொரு கையால் அதைத் தொடாதே என்றார்கள். ஆனால் அந்தச் சலுகை இல்லாவிட்டால் அந்தக் கொட்டகையே இல்லை. இதற்கு மேல் என் யோசனை போவதில்லை.

அந்த வெளிநாட்டுக்காரர் வருவதற்குள் ராசாத்தியும் அவள் புருஷனும் சோமனூர்ப் பக்கம் போய்விட்டார்கள். அங்கே ஆறு விசைத்தறியை அவள் ஒருத்தியே பார்த்துக்கொள்கிறாள் என்று கருப்பையா சொன்னார். அதன் பிறகு தகவல் இல்லை.

நான் ஓய்வு பெற்ற அன்று பழைய கோப்புகளைக் கழித்தார்கள். எரிக்கப் போன கட்டிலிருந்து அந்த உள்ளங்கைத் துணியை மட்டும் எடுத்து வந்தேன். நேற்று அதை ரஹீமாவிடம் கொடுத்துத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"மில் துணிதானே அத்தா?"

அட்டையைத் திருப்பி என் கையெழுத்தை வாசித்தாள். "அதான் எழுதியிருக்கீகளே" என்றாள். அப்போதுதான் ஓரத்துப் பென்சில் கோட்டைக் கண்டு, அது என்ன என்று கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ரொம்ப நேரம் அந்தத் துணியைக் கீழே வைக்கவில்லை. பிறகு, "இப்பவாச்சும் அந்தக் காயிதத்தை எழுதலாம்ல?" என்றாள்.

எழுதினால் அன்றைய சான்றிதழ் பொய் என்று ஆகிறது. சாத்தப்பன் சார் பொய்யராகிறார், அவர் இப்போது இல்லை. கருப்பையாவையும் காட்டிக் கொடுத்தவனாகிறேன். எழுதி யாரிடம் கொடுப்பது என்றும் தெரியவில்லை. இருந்தாலும் ரஹீமா திங்கட்கிழமை முதல் படிவத்தில் கையெழுத்துப் போடப் போகிறாள். அதற்கு முன் நான் இதைப் போட்டுவிட வேண்டும் என்று தோன்றுகிறது.

இத்துடன் இணைத்துள்ள கட்டம் போட்ட துணி, ராசாத்தி என்பவர் கையாலும் காலாலும் மட்டுமே இயக்கிய தறியில் நெய்தது. கண்ணால் பார்த்தேன். கையால் தொட்டேன்.

கையெழுத்துப் போட்டிருக்கிறேன். முத்திரை என்னிடம் இல்லை.